உப்புக் கதவு

உலான்பாத்தர். சனவரி. இரவு ஒன்பது.
கண்ணாடிக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று,
தெருவிளக்கைக் கரிப்புகை தின்றுகொண்டிருக்கிறது.
உள்ளே மையவிலக்கி சுழன்று சுழன்று
ரத்தத்தைப் பிரிக்கிறது:
அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறம்.
அந்த வைக்கோல் நிறத்தில்தான் என் பிழைப்பு.

மத்தியானம் தம்தின் வந்திருந்தார்,
எல்லைக்குக் கரி ஏற்றும் லாரி ஓட்டுபவர்.
கண்ணில் மஞ்சள். கையில் எனக்கென்று ஒரு பை
காய்ந்த தயிர்க்கட்டி.
கவுண்டரில் முழங்கை ஊன்றிக் கேட்டார்:
"யார் அதை உள்ளே விட்டது?"

டாக்டர் அரியுனா சாப்பிடப் போயிருந்தாள்.
நானே சொல்ல வேண்டியதாயிற்று.
உங்கள் கல்லீரல்தான் என்றேன்.
அதன் செல்களில் ஒரு கதவு உண்டு,
பித்த உப்பு வீடு திரும்புவதற்கென்றே.
கொழுப்பைக் கரைக்கப் போன உப்பு
குடலைச் சுற்றிவிட்டு அதன் வழியே நுழையும்,
நாளுக்கு ஏழெட்டு முறை.
ஆட்டுக்கொழுப்புத் தின்னும் நமக்கு
அதைச் சாத்த நேரமேது?
அதே வாசலில் அதுவும் வந்து நின்றது.

சிரித்தார்.
"கூடாரத்துக்கு வருகிறவன் தூரத்திலிருந்தே கத்துவானே,
நாயைப் பிடி என்று. இது கத்தவில்லையா?"

கத்தவில்லை.
அது உடுத்தியிருந்த தேலும் அதனுடையதல்ல,
பி வைரஸிடம் வாங்கிப் போட்டுக்கொண்டது.
டெல்டா என்று பெயர். உள்ளே
ஆயிரத்து எழுநூறு எழுத்து, வட்டமாய் முடிந்த ஒரு கயிறு.
நகலெடுக்கச் சொந்தமாய் ஓர் எந்திரம்கூடக் கிடையாது.

பின்னால் வரிசை முணுமுணுத்தது. மீதியைச் சொல்லவில்லை.

மீதி இது:
டி.என்.ஏ.வை மட்டுமே வாசித்துப் பழகிய நொதி ஒன்று
உட்கருவில் உட்கார்ந்திருக்கிறது, வேறு ஏடு தொட்டதில்லை.
அதன் முன்னால் கயிறு வந்து விழுகிறது.
அதையும் வாசிக்கிறது, தொடக்கம் முடிவு தெரியாமல்,
செக்குமாடு போல.
அடுத்தது திருத்தர்.
நம் பிரதிகளில் அங்கங்கே எழுத்தை மாற்றுவது அவர் தொழில்.
வைரஸின் ஒரே புரதம் முடிகிற இடத்தில்
முற்றுப்புள்ளியை அழித்துவிடுகிறார்.
பிழை என்று நினைத்தாரோ என்னவோ.
வாக்கியம் பத்தொன்பது சொல் நீள்கிறது.
நீண்ட நுனியில் இன்னொரு நொதி
கொஞ்சம் கொழுப்பு தடவுகிறது,
நம் புரதங்களுக்குத் தடவுகிற அதே கையால்.
அந்தப் பிசுக்கில்தான் தேல் வந்து ஒட்டுகிறது.

யாரும் கையூட்டு வாங்கவில்லை, தம்தின்.
அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள்.
கவுண்டரில் நின்று இதை எப்படிச் சொல்ல?
உப்பிட்டவரை நினை என்பது மனிதருக்குச் சொன்னது.
ஆயிரத்து எழுநூறு எழுத்தில்
நினைவை எங்கே வைக்கும் அது?

மருந்து இருக்கிறது. தினம் ஓர் ஊசி, வயிற்றில்.
பி வைரஸின் உடுப்பைப் பார்த்துத் தைத்த சின்னத் துண்டு.
கதவில் போய் மாட்டிக்கொள்ளும்.
வைரஸ் நுழையாது, உப்பும் முன்போல் நுழையாது.
ரத்தத்தில் அலையும்.
சிலருக்கு உடம்பு அரிக்கும்.

தாங்கியில் 214 தம்தின்.
215இல் பெயர் ஒட்டவில்லை.
என் இடது கையிலிருந்து நானே எடுத்தது.
ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பல் வைத்தியர் வந்தார்,
ஒரு டப்பா வெந்நீர், முப்பது பிள்ளைகள்.
நீர் ஆறும்வரை அவர் காத்திருந்தது ஞாபகமிருக்கிறது.
கொதிக்கும்வரை காத்திருந்தாரா, தெரியாது.
பன்னிரண்டு வருடமாய் ஊரார் குழாய்களைச் சுழற்றுகிறேன்,
என்னுடையதை இன்றுதான்.

இந்தப் பெட்டியும் அதை நகலெடுத்துத்தான் கண்டுபிடிக்கிறது.
ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக,
கண்ணுக்குத் தெரியும்வரை.
நாங்களும் ஒருவகைக் கல்லீரல்தான்.

தயிர்க்கட்டியைக் கடிக்கிறேன். வெறும் புளிப்பு.
நாற்பது சுற்றில் இருபத்தாறு முடிந்திருக்கிறது.
214இன் கோடு எழுந்துவிட்டது.
215 தரையோடு படுத்திருக்கிறது, இதுவரை